ஒளிக்கு ஒரு ஃபுட் வால்வு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசியதை வாசிப்பதற்கு ஏற்றபடி சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரோட்டு வழியா போயிருக்கீங்களா? ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி. ஆம்பூர் நெருங்கினதும் பஸ்ஸுல பாதிப் பேர் பிரியாணியைப் பத்திப் பேசுவாங்க, மீதிப் பேர் டேனரி வாசனைக்கு மூக்கைப் பொத்துவாங்க. எனக்கு அது சொந்த ஊர், அதனால ரெண்டும் பழக்கம். ஆனா இன்னைக்கு நாம பேசப்போறது அந்த ரோட்டோரம் மண்ணுக்குள்ள போற ஃபைபர் கேபிளைப் பத்தி. தோலும் வரும், ஆனா நடுவுல வரும்.

கண்ணாடி இழையில போற ஒளி போகப் போக மங்கிடும். அதனால சுமார் 80, 100 கிலோமீட்டருக்கு ஒரு பெருக்கி வைப்பாங்க. அந்தப் பெருக்கியிலும், ஒளியை அனுப்புற நல்ல லேசரிலும், விரல் நுனியில நிக்கிற அளவுக்கு ஒரு சின்ன உருளை இருக்கும். பேரு ஐசொலேட்டர். அதுக்கு ஒரே வேலை: ஒளி முன்னாடி போகலாம், திரும்பி வரக்கூடாது.

ஏன் திரும்பி வரக்கூடாது? லேசர்னா தன்னோட ஒளியைத் தானே கேட்டுக்கிட்டு சுருதி பிடிக்கிற ஒரு கருவி. வழியில ஒரு இணைப்பு, ஒரு விரிசல், ஒரு கண்ணாடி விளிம்புன்னு எங்கேயோ பட்டு, அனுப்புன ஒளியில பத்தாயிரத்துல ஒரு பங்கு திரும்பி உள்ள வந்தாலே சில லேசர்களுக்குச் சுருதி குலைஞ்சிடும். பெருக்கியா இருந்தா, திரும்பி வந்த ஒளியையும் சேர்த்துப் பெருக்க ஆரம்பிச்சிடும். கிணத்து மோட்டார் வச்சிருக்கிற வீட்டுக்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். குழாயோட அடியில ஃபுட் வால்வு இருக்கும். ஏத்துன தண்ணி கீழ இறங்காம அதுதான் பிடிச்சு வைக்கும். ஐசொலேட்டர் ஒளிக்கான ஃபுட் வால்வு.

இன்னைய கேள்வி இதுதான். ஒரு அறை நிறைய இருந்த கணினி நகத்தளவு சிப்புக்குள்ள வந்துடுச்சு. லேசர், ஒளியைப் பிரிக்கிற கருவி, ஒளியை மின்சாரமா மாத்துற கருவி எல்லாமே சிப் மேல ஏறிடுச்சு. இந்த ஃபுட் வால்வு மட்டும் ஏன் இத்தனை வருஷமா ஏற மாட்டேங்குது?

முதல்ல இது ஏன் சாதாரண விஷயம் இல்லைன்னு பார்ப்போம். தண்ணிக்கு வால்வு செய்யறது சுலபம், ஒரு மூடி போதும். ஒளி விஷயத்துல இயற்கை ரொம்ப நியாயமா நடந்துக்கும். நான் உங்க கண்ணைப் பார்க்க முடியுதுன்னா நீங்களும் என் கண்ணைப் பார்க்க முடியும். சினிமா போலீஸ் ஸ்டேஷன்ல வர்ற ஒருவழிக் கண்ணாடி ஏமாத்து வேலை. ஒரு அறை வெளிச்சம், ஒரு அறை இருட்டு, அவ்வளவுதான். லென்ஸ், கண்ணாடி, பட்டகம்னு எதை எப்படி அடுக்கினாலும் போன வழியிலயே ஒளி திரும்பி வந்துடும்.

அந்த நியாயத்தை உடைக்கிறது காந்தம். 1845 செப்டம்பர் 13. லண்டன்ல மைக்கேல் ஃபாரடே, இருபது வருஷம் முன்னாடி தொலைநோக்கி லென்ஸுக்காகச் சோதிச்சுப் பார்த்த கனமான ஈயக் கண்ணாடித் துண்டு ஒண்ணை எடுத்து மின்காந்தத்துக்குப் பக்கத்துல வைக்கிறார். அதுக்குள்ள முனைவாக்கப்பட்ட ஒளியை அனுப்புறார். முனைவாக்கம்னா பயப்பட வேண்டாம். ஒரு கயித்தைக் கட்டி மேலும் கீழுமா ஆட்டலாம், இடமும் வலமுமா ஆட்டலாம். ஒளி அலைக்கும் அப்படி ஒரு ஆடுற திசை உண்டு. காந்தத்தைப் போட்டதும் அந்தத் திசை கொஞ்சம் திரும்புச்சு.

திரும்புறது பெரிய விஷயம் இல்லை, சர்க்கரைத் தண்ணியும் ஒளியைத் திருப்பும். ஆனா சர்க்கரைத் தண்ணி வழியா ஒளியைத் திருப்பி அனுப்பினா, முறுக்கு அப்படியே பிரிஞ்சு பழைய நிலைக்கு வந்துடும். காந்தத்தில் அப்படி இல்லை. திரும்பி வரும்போதும் அதே பக்கமே முறுக்கும். போகும்போது 45 டிகிரின்னா, வரும்போது இன்னொரு 45. மொத்தம் 90. மேலும் கீழுமா ஆடிக்கிட்டுப் போன ஒளி இடமும் வலமுமா ஆடிக்கிட்டு வந்து நிக்கும். வாசல்ல ஒரு வடிகட்டியை வச்சா உள்ள விடாது. இந்த அமைப்பால ஒளியை ஒருவழியாக்க முடியும்னா, வெப்ப இயக்கவியலோட இரண்டாம் விதி என்னாகும்னு ஒரு கேள்வி வந்துச்சு. அதைப் பத்தி 1901-ல் நேச்சர் இதழில் ரேலி பிரபு எழுதினார். தடுக்கப்பட்ட ஒளி அழிஞ்சு போறதில்லை, பக்கவாட்டில் வேற வழியா வெளியேறுது, அதனால விதி பத்திரமா இருக்கு.

அந்த வேற வழிக்கு ஒரு கதவு வச்சா அதுதான் சர்க்குலேட்டர். வேலூர் கிரீன் சர்க்கிள் மாதிரி நினைச்சுக்கோங்க. ஒண்ணாம் சாலையில வந்தா ரெண்டாம் சாலையில இறங்கணும், ரெண்டுல வந்தா மூணுல இறங்கணும், எதிர்த்திசையில போக முடியாது. (கிரீன் சர்க்கிள்ல போகலாம், போறாங்க. அது வேற எபிசோட்.) ஒரே இழையில போற ஒளியையும் வர்ற ஒளியையும் தனித்தனியா பிரிக்க இதுதான் உதவும்.

இதெல்லாம் ரொம்ப நாள் ஆய்வுக்கூட வேடிக்கையாவே இருந்துச்சு. கண்ணாடி ஒளியைத் திருப்புறது ரொம்பக் கம்மி, 45 டிகிரி வேணும்னா பெரிய காந்தம் வேணும். 1952-ல் பெல் ஆய்வுக்கூடத்துல ஹோகன், ஃபெர்ரைட் பொருளை வச்சு மைக்ரோவேவுக்கு இந்த வேலையைச் செஞ்சு காட்டினார், ரேடார்காரங்க பிடிச்சுக்கிட்டாங்க. 1956-ல் பிரான்சோட கிரெனோபிள்ல பெர்டோவும் ஃபோராவும் இட்ரியம் இரும்பு கார்னெட்னு ஒரு படிகத்தைக் கண்டுபிடிச்சாங்க. இரும்பு நிறைய இருந்தும் அகச்சிவப்பு ஒளிக்கு அது கண்ணாடி மாதிரி. இன்னைக்கு ஃபைபர்ல ஓடுற 1,550 நானோமீட்டர் ஒளியை இரண்டரை மில்லிமீட்டர் கார்னெட் 45 டிகிரி திருப்பிடும். அதுல பிஸ்மத் கலந்தா அரை மில்லிமீட்டருக்கும் கீழ போதும். ரெண்டு பக்கமும் வடிகட்டி, சுத்தி ஒரு வளையக் காந்தம், உருளைக்குள்ள போட்டு ஒட்டியாச்சு. நம்ம ஃபைபர்ல இருக்கிறது இதுதான்.

இப்போ இதைச் சிப் மேல ஏத்தணும். சிலிக்கான் சிப்பில் ஒளி போற பாதை அகலம் சுமார் 450 நானோமீட்டர், உயரம் 220. தலைமுடியைவிட நூறு மடங்குக்கு மேல சின்னது. இங்க ரெண்டு தொல்லை.

முதல் தொல்லை எல்லாருக்கும் தெரியும். சிலிக்கான் மேல கார்னெட் ஒழுங்கா வளராது. அணுக்களுக்கு இடையிலான இடைவெளி பொருந்தாது, படிகமாக 700 டிகிரிக்கு மேல சுடணும், ஆறும்போது கார்னெட் சிலிக்கானைவிட ஏறக்குறைய நாலு மடங்கு சுருங்கும். விளைவு, வெடிப்பு.

ரெண்டாவது தொல்லைதான் என்னை இந்த எபிசோடுக்கு இழுத்துட்டு வந்துச்சு. சதுரமா இல்லாத ஒரு குறுகலான பாதையில், இடமும் வலமுமா ஆடுற ஒளி ஒரு வேகத்துல போகும், மேலும் கீழுமா ஆடுற ஒளி வேற வேகத்துல போகும். படிகங்கள்ல இதே குணத்துக்கு இரட்டை விலகல்னு பேரு. இது இருக்கிற இடத்துல காந்த முறுக்கு என்னாகும்?

அந்தக் கணக்கைத் தெளிவா போட்டவங்க ரெண்டு பேர். 1952-ல் அமெரிக்க ஒளியியல் கழகத்தோட இதழில் ஒரு கட்டுரை வந்துச்சு. இரட்டை விலகல் உள்ள ஊடகங்கள்ல காந்த ஒளிச்சுழற்சி, அதுக்குப் பொன்காரே கோளத்தைப் பயன்படுத்துற முறை, இதுதான் தலைப்போட சாரம். எழுதினவங்க ஜி. என். ராமச்சந்திரன், எஸ். ராமசேஷன்.

ராமசேஷன், சி. வி. ராமனோட சகோதரி மகன். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல ராமன்கிட்ட ஆய்வு செஞ்சவர். 1940-களில் அவருடைய வேலையே ஃபாரடே விளைவை அளக்கிறதுதான். கண்ணாடிகள், கனசதுரப் படிகங்கள், வைரம்கூட. மாமாவுக்கு வைரப் பைத்தியம், அதனால வைரத்துக்குப் பஞ்சம் இருந்திருக்காது. ராமச்சந்திரன் எர்ணாகுளத்தில் பிறந்தவர், மின்பொறியியல் படிக்கப் பெங்களூரு போய் ராமன்கிட்ட இயற்பியலுக்கு மாறினவர்.

அவங்க செஞ்சதைச் சொல்றேன், கணக்கு இல்லாமலே புரியும். ஒரு உலக உருண்டையை நினைச்சுக்கோங்க. ஒளி ஆடக்கூடிய எல்லா விதமும் அதன் மேல ஒவ்வொரு புள்ளி. நேர்கோட்டில் ஆடுறதெல்லாம் நிலநடுக்கோட்டில். வட்டமா சுழல்றது ரெண்டும் வட, தென் துருவங்கள்ல. இது 1892-ல் பொன்காரே போட்ட படம். இப்போ காந்தம் என்ன செய்யும்னா, துருவத்துல கம்பி குத்தி உருண்டையைச் சுத்தும். உங்க புள்ளி நிலநடுக்கோட்டிலேயே நகர்ந்து போகும், திசை திரும்பும். இரட்டை விலகல் என்ன செய்யும்னா, கம்பியை நிலநடுக்கோட்டில் குத்திச் சுத்தும். ரெண்டும் ஒரே நேரத்துல இருந்தா? கம்பி நடுவுல எங்கேயோ சாய்வா குத்தியிருக்கும். எது பலசாலியோ அந்தப் பக்கம் சாயும்.

சிலிக்கான் பாதையில் இரட்டை விலகல் ராட்சசன். கம்பி கிட்டத்தட்ட நிலநடுக்கோட்டிலேயே குத்தியிருக்கும், அதுவும் நீங்க கிளம்புற புள்ளிக்குப் பக்கத்துலயே. உருண்டை எவ்வளவு வேகமா சுத்தினாலும் கம்பிக்குப் பக்கத்துல இருக்கிற புள்ளி எங்கேயும் போகாது, சின்ன வட்டம் போட்டுட்டுத் திரும்பி வந்துடும். எண்ணாச் சொன்னா, பாதையே முழுக்க கார்னெட்டால ஆனது மாதிரி முறுக்கினாலும் 45 டிகிரிக்கு 2,500 மைக்ரான் வேணும். ஆனா ரெண்டு விதமான ஆட்டமும் சில மைக்ரானுக்கு ஒருதரம் ஒண்ணை ஒண்ணு முந்திடுது. அதாவது முறுக்கு முடியறதுக்குள்ள சுமார் ஆயிரம் தடவை கலைச்சுவிடுது. ஒரு டிகிரிகூடத் திரும்பாது.

ஆக, சின்னதாக்கினா சுலபமாகும்ங்கிற நம்ம வழக்கமான எண்ணம் இங்க செல்லாது. பெருசா, உருண்டையா, அகலமா இருந்தப்போ இல்லாத எதிரி, சின்னதாக்கினதாலேயே பிறந்தவன்.

இங்க ஒரு விஷயம். நாளைக்கு இதை வாட்ஸ்அப்ல "ஒளிச் சிப்பைக் கண்டுபிடித்தது நாம்தான்"னு யாரும் ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க. 1952-ல் லேசரே கிடையாது. அவங்க ரெண்டு பேரும் படிகத்தில் சரியா அளக்கிறது எப்படின்னுதான் யோசிச்சாங்க. படிகத்தில் துளி இரட்டை விலகல் இருந்தாலும் ஃபாரடே அளவு பொய்யாயிடும்னு தெரிஞ்சு, அதை எப்படிக் கழிக்கிறதுன்னு வழி சொன்னாங்க. அளவுல நேர்மையா இருக்கணும்ங்கிற அந்தப் பிடிவாதம் எனக்கு ஃபார்வர்ட் மெசேஜைவிடப் பெருசா தெரியுது. அந்தக் கோளம் அந்தக் குடும்பத்துக்கே கைவந்த பொருள். ராமசேஷனோட தம்பி பஞ்சரத்தினம் 1956-ல் அதே கோளத்தை வச்சுத்தான் இன்னைக்கு அவர் பேராலேயே அழைக்கப்படுற ஒளிக்கட்டத்தைக் கண்டார்.

சரி, தோல் எங்க? இதோ.

அந்தக் கட்டுரை வந்த அதே 1952-ல் ராமச்சந்திரன் சென்னைக்கு வர்றார். வயசு முப்பதுகூட ஆகலை. ஏ. லட்சுமணசுவாமி முதலியார் துணைவேந்தரா இருந்த சென்னைப் பல்கலைக்கழகத்துல இயற்பியல் துறைத் தலைவர். எக்ஸ்ரே கருவிகள் வைக்கிறார், எதை ஆராயலாம்னு தேடுறார். பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னல் சென்னை வந்தப்போ, கொலாஜனோட அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடலைன்னு பேச்சுவாக்குல சொல்லிட்டுப் போறார்.

கொலாஜன் எங்க கிடைக்கும்? பக்கத்துலயே, அடையாறுல, 1948-ல் தொடங்கின மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். எங்க ஊர் டேனரிக்காரங்க சந்தேகம் கேட்கப் போற இடம். ஏன்னா தோல்னா வேற எதுவும் இல்லை, கொலாஜன்தான். ரோமம், கொழுப்பு எல்லாம் நீக்கி, சுண்ணாம்புல ஊறப்போட்டு, மிச்சம் நிக்கிற அந்த இழைப் பின்னல். அங்கிருந்து கங்காரு வால் தசைநாண் கிடைச்சுது. அதை எக்ஸ்ரேயில வச்சுப் பார்த்து, 1954-ல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் நேச்சர் இதழில் கொலாஜன் மூணு புரி முறுக்குன்னு எழுதினாங்க. அடுத்த வருஷம் அந்தப் படத்தைத் திருத்தி இன்னும் செம்மையாக்கினாங்க. தோல் நிறுவனத்தோட அரங்கத்துக்கு இன்னைக்கும் டிரிபிள் ஹீலிக்ஸ்னுதான் பேரு.

நான் வேணும்னே கோர்க்கிற கதை மாதிரி தெரியலாம். ஆனா ஒரு உறவு நிஜமாவே இருக்கு. கொலாஜன் இழையும் இரட்டை விலகல் உள்ள பொருள். குறுக்கே வச்ச ரெண்டு முனைவாக்கிகளுக்கு நடுவுல வச்சா, இருட்டுல அந்த இழை மட்டும் பளிச்சுனு ஒளிரும். பச்சைத் தோலை அறுபது, அறுபத்தைந்து டிகிரிக்குச் சூடாக்கினா முறுக்கு உருகி, தோல் சுருங்கும், அந்த ஒளிர்வும் போயிடும். குரோமியம் போட்டுப் பதனிட்ட தோல் கொதிக்கிற தண்ணியிலும் சுருங்காது. ஆவாரம்பட்டை, கடுக்காய் காலத்திலிருந்து குரோம் காலம் வரைக்கும் எங்க ஊர்ல நடந்தது எல்லாம் அந்த முறுக்கு கலையாம பூட்டுற வேலைதான். (அந்தக் குரோமியம் பாலாத்துக்கு என்ன செஞ்சுதுன்னு, 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும், நம்ம பழைய எபிசோட்ல பேசியிருக்கோம்.) ஐசொலேட்டரைக் கெடுக்கிற அதே குணம், தோல்ல இழை இன்னும் குலையலைன்னு காட்டுற சாட்சி. அந்தக் குணத்தோட கணக்கு நல்லாத் தெரிஞ்ச ஆள், நேரா கொலாஜன்கிட்ட வந்து சேர்ந்தார்.

அவர் அதுக்கப்புறம் பெரும்பாலும் புரதங்கள் பக்கமே போயிட்டார். ஆனாலும் 1961-ல் ஜெர்மன் இயற்பியல் கையேட்டுக்குப் படிக ஒளியியல் பத்தி ராமசேஷனோட சேர்ந்து ஒரு பெரிய அத்தியாயம் எழுதினார். ராமசேஷன் 1960-களில் சென்னை ஐஐடியில் இயற்பியல் பேராசிரியரா இருந்தார்.

இப்போ சிப்புக்குத் திரும்புவோம். அந்த ராட்சசனை எப்படிச் சமாளிச்சாங்க? ரெண்டு வழி.

முதல் வழி, அவனோட தாளத்துக்கே ஆடுறது. ஊஞ்சலை எப்போ வேணும்னாலும் தள்ளினா வேகம் ஏறாது, போய் வர்ற நேரம் பார்த்துத் தள்ளினா ஏறும். 1972-ல் பெல் ஆய்வுக்கூடத்துல டியென் குழு கார்னெட் படலத்துக்கு மேல, கோலம் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போற மின்பாதையை வச்சு, காந்தத்தோட திசையை மாறி மாறிப் புரட்டினாங்க. ஒளி கலையற இடத்துல காந்தமும் புரள, முறுக்கு சேர்ந்துக்கிட்டே போச்சு. அழகான வேலை. ஆனா பாதையோட அளவு துளி மாறினாலும் தாளம் தப்பிடும். அந்தப் படலமும் சிலிக்கான்ல இல்லை, கார்னெட்டுக்கு ஏத்த வேற படிகத்து மேல வளர்த்தது.

ரெண்டாவது வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது. திருப்பவே வேண்டாம்! காந்தத்தைப் பாதைக்குக் குறுக்கே வச்சு, கார்னெட்டைப் பாதையோட ஒரு பக்கத்துல மட்டும் ஒட்டினா, ஒளியோட திசை திரும்பாது. ஆனா போற ஒளிக்கும் வர்ற ஒளிக்கும் வேகம் துளி வித்தியாசப்படும். அந்தத் துளி வித்தியாசத்தைச் சேர்த்துச் சேர்த்து, போறது ஒண்ணுகூடிப் பலமாகவும் வர்றது ஒண்ணையொண்ணு அழிக்கவும் பண்ணலாம். ரெண்டு விதமா ஆடுற ஒளியையும் ஒண்ணாக்க வேண்டிய தேவையே இல்லாததால ராட்சசனுக்கு அங்க வேலை இல்லை. டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்துல மிசுமோட்டோ குழு கார்னெட்டைத் தனியா வளர்த்து, சிலிக்கான் மேல நேரடியா ஒட்டி இதைச் செஞ்சாங்க. 2011-ல் எம்ஐடியில் லெய் பி, கரோலின் ராஸ் குழு சிலிக்கான் சிப் மேலேயே கார்னெட் படலத்தைப் படியவச்சு, ஒரு வளையப் பாதையில் ஒளியைச் சுத்தவிட்டுக் காட்டினாங்க. வளையத்துல ஒளி பல சுத்து வர்றதால சின்ன இடமே போதும். ஆனா வளையம் ஒரு குறிப்பிட்ட நிறத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும், வெப்பம் மாறினா அந்த நிறமும் நகரும். கார்னெட் கொஞ்சம் ஒளியைக் குடிச்சும் விடுது.

இதுக்கு நடுவுல ஒரு சண்டையும் நடந்துச்சு. காந்தமே இல்லாம, வெறும் சிலிக்கானை வளைச்சு வெட்டியே ஒருவழிப் பாதை செஞ்சுட்டோம்ங்கிற பாணியில் 2011-ல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை. அடுத்த வருஷமே அதே இதழில் மறுப்பு. 2013-ல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து நேச்சர் ஃபோட்டானிக்ஸ்ல எது ஐசொலேட்டர், எது ஐசொலேட்டர் இல்லைன்னு இலக்கணமே எழுதினாங்க. திரும்பி வர்ற ஒளி எந்த வடிவத்துல வந்தாலும் தடுக்கணும். நீங்க எதிர்பார்த்த வடிவத்தை மட்டும் தடுத்தா அது வடிகட்டி, வால்வு இல்லை. ரேலி காலத்து நியாயம்தான்.

கேட்பவர்கள்ல ஒருத்தர் போன வாரம் எழுதியிருந்தார்: காந்தம் இல்லாம முடியவே முடியாதா? முடியும், பொருளையே நேரத்தோட மாத்திக்கிட்டு இருந்தா. ஒளி போகும்போது பாதை ஒரு மாதிரி, வரும்போது வேற மாதிரி. மின்சாரத்தாலோ ஒலி அலையாலோ பாதையை ஓயாம அசைக்கணும். 2009-ல் ஸ்டான்ஃபோர்ட்ல யூவும் ஃபேனும் அந்த யோசனையை வச்சாங்க, அதுக்கப்புறம் பல குழுக்கள் செஞ்சும் காட்டியிருக்காங்க. ஆனா ஓயாம அசைக்க ஓயாம மின்சாரம் வேணும். கிணத்துல இருக்கிற ஃபுட் வால்வுக்குத் தனியா மீட்டர் போட்ட மாதிரி. காந்தமும் கார்னெட்டும் சும்மா உக்காந்தே வேலை செய்யும், அதனாலதான் இன்னும் யாரும் அதைக் கைவிடலை.

சென்னை ஐஐடியில் இப்போ சிலிக்கான் ஒளிச்சுற்றுகளுக்குன்னே ஒரு மையம் இருக்கு, மத்திய மின்னணு அமைச்சகத்தோட நிதியில. ராமசேஷன் பாடம் நடத்தின அதே வளாகம். அங்கிருந்து ஆம்பூர் பஸ் பிடிச்சா நாலு மணி நேரம், பாதி வழி ஃபைபர் கூடவே வரும். அடுத்த வாரம் அந்தப் பெருக்கிக்குள்ள இருக்கிற எர்பியத்தைப் பார்ப்போம்.